ஆர்ச்டியூக் லூட்விக் சால்வடோர்

ஆர்ச்டியூக் லூட்விக் சால்வடோர் (ஆகஸ்ட் 4, 1847 - அக்டோபர் 12, 1915) ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச மரபில் பிறந்த இயற்கையியலாளர், கடற்பயணி, நூலாசிரியர், ஓவியர் ஆவார். நடுநிலக் கடலில் ஸ்பெயினுக்கு உரிய பலேரிக் தீவுகளைப் பற்றி இவர் எழுதிய பெருநூல், ஒரு தீவுக்கூட்டத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் தனி ஒருவர் எழுதிய மிக விரிவான நூல்களுள் ஒன்று. அத்தீவுகளுள் பெரியதான மயோர்க்காவின் வடமேற்கு மலைக்கரையில் நிலம் வாங்கிக் குடியேறிய இவர், அங்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் வாழ்வின் மையத்தை அமைத்துக்கொண்டார். தம் நிலத்தில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடை செய்தார். மயோர்க்கா மக்கள் இவரைத் தங்கள் மொழியில் "ஆர்ச்டியூக்" என்னும் பொருளில் "சார்சிடுக்" என்றே அழைத்தனர். பெயரைச் சேர்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆர்ச்டியூக் என்பது ஹாப்ஸ்பர்க் குடும்பத்து இளவரசர்கள் அனைவருக்கும் பிறப்பினால் கிடைத்த பட்டம். அரசாட்சி உரிமை அதனுடன் வருவதில்லை. வருவாயும் மதிப்பும் வரும். அவற்றோடு அரசவைக் கடமைகளும் படைப் பதவியும் வரும். லூட்விக் சால்வடோர் முதலிரண்டை வைத்துக்கொண்டு, பின்னிரண்டிலிருந்து வாழ்நாள் முழுவதும் விலகியே இருந்தார் எனலாம்.

இளமைக் காலம்

இவர் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பிட்டி அரண்மனையில் பிறந்தார். தந்தை தஸ்கனியின் பெருங்கோமகன் இரண்டாம் லியோபோல்ட். தாய் மரியா அந்தோனியா, இரு சிசிலிகள் அரசைச் சேர்ந்த பூர்போன் இளவரசி. பெயரளவில் ஆஸ்திரிய இளவரசராக இருந்தாலும் இவர் வளர்ந்தது இத்தாலியச் சூழலில். வீட்டில் பேசப்பட்டதும் இத்தாலிய மொழியே.

1859ஆம் ஆண்டு ஏப்ரலில் புளோரன்சில் மக்கள் கிளர்ச்சி எழுந்தது. இத்தாலிய ஒருங்கிணைப்பு இயக்கம் வலுவடைந்திருந்த காலம் அது. பெருங்கோமகனின் குடும்பம் நகரை விட்டு வெளியேறியது, பின்னர் திரும்பவில்லை. அப்போது லூட்விக்குக்கு வயது 11. பிராகு நகருக்கு அருகில், எல்பே ஆற்றங்கரையில் உள்ள பிராண்டிஸ் கோட்டையை 1860இல் தந்தை வாங்கினார். வெயிலும் கடலும் உள்ள நாட்டிலிருந்து வந்த சிறுவன் பொகீமியாவின் பனிக்காலத்தில் வளர்ந்தான். தெற்குக் கடல் மீது பின்னாளில் இவருக்கு இருந்த தீராத பற்றுக்கு இந்த இடப்பெயர்வையே காரணமாகச் சொல்வர். அவ்வளவு எளிதாக ஒருவரின் வாழ்வை விளக்கிவிட முடியுமா என்பது ஐயமே. எனினும் இவர் தம் பெரும்பாலான நூல்களைத் தீவுகளையும் துறைமுகங்களையும் பற்றியே எழுதினார் என்பதும், ஆட்சி நடத்திய தந்தையின் வாழ்க்கையைத் தாம் விரும்பவில்லை என்பதும் வெளிப்படை.

சிறு வயதிலேயே பூச்சி, பறவை, தாவரங்களில் ஆர்வம் கொண்டிருந்தார். பிராகில் கல்வி கற்றார். நன்றாக வரையவும் பழகினார். இவர் வரைந்த பென்சில் ஓவியங்களே பிற்காலத்தில் இவருடைய நூல்களின் படங்களுக்கு அடிப்படையாயின. மொழிகள் இவருக்கு எளிதில் வந்தன. செருமன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், செக் முதலானவற்றுடன் மயோர்க்காவில் பேசப்படும் கட்டலான் வட்டார வழக்கையும் கற்றார். கிராமத்து மக்களுடன் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடிந்ததே இவருடைய ஆய்வின் அடித்தளம்.

முதல் பயணம்

1867இல், தம் இருபதாவது வயதில், லூட்விக் சால்வடோர் முதன்முறையாகப் பலேரிக் தீவுகளுக்குச் சென்றார். நாய்டார்ப் கோமான் என்னும் புனைபெயரில் பயணம் செய்தார். அரச குடும்பத்தினர் மாற்றுப்பெயரில் பயணிப்பது அக்காலத்தில் வழக்கமே. வரவேற்பு விழாக்களின் தொல்லை இருக்காது. ஆனால் இவரைப் பொறுத்தவரை அது ஆய்வு முறையாகவும் அமைந்தது. இளவரசரிடம் ஒரு மீனவர் பேசமாட்டார். வண்டு பிடித்துக் கொண்டிருக்கும் ஓர் இளைஞரிடம் பேசுவார்.

வண்டு பிடித்தது உண்மையே. இப்பயணத்தின் பயனாக 1869இல் இவர் வெளியிட்ட சிறு நூல் பலேரிக் தீவுகளின் வண்டினங்களைப் பற்றியது. அதே ஆண்டு பெருநூலின் முதல் தொகுதியும் வெளிவந்தது. வண்டுகளில் தொடங்கிய ஆர்வம் பாறைகளுக்கும், பயிர்களுக்கும், அவற்றைப் பயிரிடும் மனிதர்களுக்கும் மிக விரைவில் பரவிவிட்டதை இது காட்டுகின்றது.

மயோர்க்காவைப் பற்றி ஐரோப்பா அறிந்திருந்தது அன்று மிகக் குறைவு. அறிந்ததும் பெரும்பாலும் பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்ட் எழுதிய நூலின் வழியாகவே. அவர் இசையமைப்பாளர் சோப்பினுடன் 1838-39 குளிர்காலத்தை வல்தெமோசா கிராமத்தின் கைவிடப்பட்ட மடத்தில் கழித்தவர். 1842இல் நூலாக வந்த அவருடைய படைப்பு தீவின் இயற்கையைப் புகழ்ந்தது. தீவு மக்களைக் கடுமையாக இகழ்ந்தது. லூட்விக் சால்வடோர் குடியேறியது அதே வல்தெமோசாவின் எல்லையில்தான். அதே மக்களைப் பற்றி, அவர்கள் என்ன உண்கிறார்கள், எப்படி உழுகிறார்கள், என்ன கதை சொல்கிறார்கள் என்று இவர் கேட்டு எழுதினார். ஒரு குளிர்காலம் தங்கியவருக்கும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர் உணரலாம்.

வினாப்பட்டியல் முறை

இவருடைய ஆய்வு முறை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. ஒரு தீவை முழுமையாக விவரிக்க வேண்டுமெனில் தனி ஒருவரால் எல்லா ஊர்களிலும் எல்லாப் பருவங்களிலும் இருக்க முடியாது. எனவே இவர் "தபுலே லுடோவிசியானே" என்று இலத்தீனில் பெயரிட்ட அச்சிட்ட வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். பெயருக்கு லூட்விக்கின் அட்டவணைகள் என்று பொருள். தட்பவெப்பம், காற்று, நீர், விலங்குகள், தாவரங்கள், மக்கள்தொகை, உடை, உணவு, வீடு, நோய், வேளாண்மை, மீன்பிடிப்பு, கப்பல் போக்குவரத்து, தொழில், வணிகம் என ஓர் இடத்தைப் பற்றிக் கேட்கக்கூடிய ஏறக்குறைய எல்லாம் அதில் கேள்விகளாக இருந்தன. விடை எழுதுவதற்கு இடம் விடப்பட்டிருந்தது. இப்படிவங்கள் ஊர்ப் பாதிரியார்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள் ஆகியோருக்கு அளிக்கப்பட்டன. திரும்பி வந்த விடைகளைத் தாமே நேரில் சென்று கண்டவற்றுடன் ஒப்பிட்டு எழுதினார்.

கணினித் துறையினர் இதைப் பார்த்தால் உடனே ஒன்றைக் கவனிப்பர். ஒரே அமைப்பில் கேள்வி கேட்டால் ஒப்பிடத்தக்க விடை கிடைக்கும் என்பதே தரவுத்தளங்களின் அடிப்படை. ஒரு தீவுக்குச் செய்த படிவம் அடுத்த தீவுக்கும் பொருந்தும். ஆகவேதான் பலேரிக் தீவுகளுக்குப் பின் இத்தாலிய, கிரேக்கத் தீவுகளைப் பற்றியும் இவரால் அதே முறையில் எழுத முடிந்தது.

இப்பணியில் பெரிதும் உதவியவர் பிரான்செஸ்க் மானுவேல் தெ லோஸ் எர்ரேரோஸ் என்னும் மயோர்க்காக் கல்வியாளர். பால்மா நகரில் பள்ளி முதல்வராக இருந்த இவர், விடைகளைத் திரட்டுவதிலும் பின்னர் நிலம் வாங்குவதிலும் ஆர்ச்டியூக்குக்கு வலக்கையாக விளங்கினார். பெருநூலின் அட்டையில் ஒருவர் பெயரும் இல்லாவிட்டாலும், அதன் பின்னால் இருந்தவர்கள் பலர்.

பலேரிக் தீவுகள் பற்றிய பெருநூல்

"சொல்லிலும் படத்திலும் பலேரிக் தீவுகள்" என்று பொருள்படும் தலைப்பில் செருமன் மொழியில் இந்நூல் லைப்சிக் நகரின் பிராக்ஹவுஸ் பதிப்பகத்தால் 1869 முதல் 1891 வரை ஏழு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. முதல் தொகுதி இபிசாவையும் பொர்மென்டேராவையும் பற்றியது. இடையில் உள்ளவை மயோர்க்காவுக்கும் கடைசி இரண்டு மெனோர்க்காவுக்கும் உரியவை. பெரிய அளவுத் தாளில், ஆசிரியரின் ஓவியங்களிலிருந்து செய்யப்பட்ட மரச்செதுக்குப் படங்களும் வண்ணப் படங்களும் கொண்டு, மிகுந்த செலவில் அச்சிடப்பட்டது. 1878இல் பாரிசு உலகக் கண்காட்சியில் அதுவரை வந்திருந்த தொகுதிகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

நூலின் மதிப்பு அதன் காலத்தில் உள்ளது. 1891இல் பைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி மயோர்க்காவை அடைந்து தீவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. திராட்சை இருந்த இடங்களில் பாதாம் மரங்கள் பெருகின. 20ஆம் நூற்றாண்டில் சுற்றுலா வந்து கடற்கரையை மாற்றியது. இம்மாற்றங்களுக்கு முன் எந்த ஊரில் என்ன பயிர், எத்தனை காற்றாலை, எவ்வகைக் கலப்பை, மணப்பெண் என்ன அணிந்தாள், மீனவர் எந்த வலையை எந்தப் பருவத்தில் வீசினர் என்பனவற்றை அறிய இன்று வரலாற்றாளர்களும் சூழலியலாளர்களும் திறப்பது இந்நூலையே. ஆசிரியர் முடிந்தவரை தம் கருத்தைச் சொல்வதில்லை, அடுக்கிக்கொண்டே போகிறார். தொடர்ந்து படிப்போருக்கு இது களைப்பூட்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தேடிப் படிப்போருக்கான நூல் இது.

குறையும் உண்டு. நூல் குறைந்த படிகளே அச்சிடப்பட்டு, அவற்றில் பெரும்பாலானவை நூலகங்களுக்கும் அறிஞர்களுக்கும் நண்பர்களுக்கும் அன்பளிப்பாகச் சென்றன. மொழியோ செருமன். விடை எழுதிக் கொடுத்த மயோர்க்கா ஆசிரியரும் பாதிரியாரும் தாங்கள் சொன்னது என்னவாயிற்று என்று படிக்க இயலாத நிலை. 1897இல் சுருக்கப் பதிப்பு ஒன்று இரண்டு தொகுதிகளாக வந்தது, அதுவும் செருமனில்தான். ஸ்பானிய மொழியில் முதலில் சில பகுதிகளே கிடைத்தன. முழு நூலும் தீவு மக்கள் கைக்கு அவர்கள் படிக்கும் மொழியில் வந்து சேர 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆயிற்று.

மீராமார்

1872இல் லூட்விக் சால்வடோர் வல்தெமோசாவுக்கும் தெயாவுக்கும் இடையில் மலைச்சரிவில் உள்ள மீராமார் என்னும் நிலத்தை வாங்கினார். இது பழம்பெருமை உடைய இடம். மயோர்க்காவின் தத்துவ அறிஞர் ரமோன் லுல் 1276இல் இங்கு ஒரு மடம் நிறுவி, துறவிகளுக்கு அரபு மொழி கற்பிக்க ஏற்பாடு செய்தார். தீவின் முதல் அச்சகம் 1485இல் இயங்கியதும் இங்கேதான். ஆர்ச்டியூக் வாங்கியபோது எஞ்சியிருந்தவை சிதைந்த சில சுவர்கள். அவற்றைப் பழுது பார்த்து வீடாக்கினார். மடம் நிறுவப்பெற்றதன் 600ஆம் ஆண்டு நிறைவு 1877இல் கொண்டாடப்பட்டபோது லுல்லின் நினைவாகச் சிறு வட்டக் கோயில் ஒன்றுக்கு அடிக்கல் இடப்பட்டது. லுல் மதம் பரப்பச் சென்ற வட ஆப்பிரிக்கத் துறைமுகமான பூஜியிலிருந்து ஒரு கல்லும், மயோர்க்காத் துறவியர் மடங்கள் அமைத்த கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு கல்லும் அதற்குக் கொண்டுவரப்பட்டன. பின்னாளில் மின்னல் தாக்கி அக்கோயில் சிதைந்தது.

மீராமாரைத் தொடர்ந்து அடுத்தடுத்த நிலங்களையும் வாங்கிக்கொண்டே போனார். சோன் மரோய்க், சோன் மொராகெஸ், சோன் கல்சேரான், செஸ்தாகா முதலியன அவற்றுட் சில. காலப்போக்கில் இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட கடற்கரையின் பெரும்பகுதி இவர் கைக்கு வந்தது. இவர் விலை பேசுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. சோன் மரோய்க்கின் கீழே கடலுக்குள் நீளும் பாறைமுனைக்கு "சா பொரதாதா", அதாவது துளையுள்ளது என்று பெயர். அதன் நடுவே இயற்கையாக அமைந்த பெரிய துளை உண்டு. அந்நிலத்துக்கு இவர் மிகை விலை கொடுத்துவிட்டார் என ஊரார் நகைத்தபோது, அப்பாறையின் துளைக்கு மட்டுமே அவ்விலை தகும் என்று இவர் விடை கூறியதாக மயோர்க்காவில் ஒரு கதை வழங்குகின்றது.

வாங்கிய நிலத்தில் இவர் செய்ததைவிடச் செய்யாதது முதன்மையானது. மரங்களை வெட்டக்கூடாது என்றார். விலங்குகளையும் பறவைகளையும் கொல்லக்கூடாது என்றார். முதுமையில் பட்டுப்போன ஆலிவ் மரம்கூட விழும் வரை நிற்க வேண்டும். பக்கத்து நிலத்தில் மரம் வெட்டப்படப் போவதாகக் கேள்விப்பட்டால், விறகு விலையைக் கொடுத்து மரத்தைக் காப்பாற்றினார் என்பர். பாதுகாக்கப்பட்ட காடு என்னும் எண்ணம் ஐரோப்பாவில் பரவாத காலத்தில், அரசாணை ஏதும் இன்றி, நில உரிமை ஒன்றையே கருவியாகக் கொண்டு இது நடைபெற்றது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். அம்மலைகளின் ஓக் காடுகளில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. வெட்டத் தடை விதித்தபோது அவர்களுக்கு இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். மறுபுறம், பாதை, சுவர், கட்டடம் என இவர் ஓயாமல் நடத்திய வேலைகள் பலருக்குக் கூலி தந்தன. ஈடு ஆயிற்றா என்று இன்று கணக்கிடுவது கடினம். இவர் செலவிட்ட பணம் தொலைதூரப் பேரரசு ஒன்றின் குடும்பச் சொத்திலிருந்து வந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. விலை கேட்காமல் நிலம் வாங்கும் வசதி எல்லா இயற்கை ஆர்வலருக்கும் வாய்ப்பதில்லை.

பாதைகளும் விடுதியும்

மலைமுகடுகளில் இவர் அமைத்த பாதைகள் இன்றும் "ஆர்ச்டியூக் பாதை" என்றே அழைக்கப்படுகின்றன. வல்தெமோசாவுக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரைத் தொடும் முகடுகளின் விளிம்பையொட்டி, கோவேறு கழுதையிலோ நடந்தோ செல்லத்தக்கதாக இவை அமைந்தன. சாந்து இல்லாமல் கல் மேல் கல் அடுக்கும் மயோர்க்காக் கல்தச்சர்களின் மரபு முறையே இதற்குப் பயன்பட்டது. சுமை கொண்டுசெல்லவோ சந்தைக்குப் போகவோ உதவும் வழிகள் அல்ல இவை. காட்சியைக் காண்பதற்காகவே இடப்பட்டவை. வெறும் காட்சிக்காக ஒருவர் மலையில் பாதை போடுவது உள்ளூர் உழவர்களுக்கு வியப்பாகவே இருந்திருக்கும். கடலை நோக்கிய இடங்களில் சிறு காட்சிமேடைகளையும் கட்டினார். சோன் மரோய்க்கில் வெண்பளிங்கினாலான வட்ட மண்டபம் ஒன்றை நிறுவினார்.

மீராமாருக்கு அருகில் வழிப்போக்கர்களுக்காக ஒரு விடுதியும் நடத்தினார். யார் வந்தாலும் மூன்று நாள்கள் பணமின்றித் தங்கலாம். படுக்கையும், அடுப்புக்கு நெருப்பும், உப்பும், எண்ணெயும், ஆலிவ் காய்களும் தரப்படும். மற்ற உணவை வருபவர் கொண்டுவர வேண்டும். நம் ஊர்ச் சத்திரங்களை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

ஆர்ச்டியூக்கின் தோற்றம் பற்றிய கதைகள் பல. கிழிந்த, அழுக்கேறிய உடையுடன் திரிவார். சமையற்காரர் என்றோ பன்றி மேய்ப்பவர் என்றோ கருதி ஏமாந்தோர் உண்டு. சேற்றில் சிக்கிய ஒரு வண்டியைத் தள்ளிவிட உதவியபோது வண்டிக்காரர் இவர் யாரென்று தெரியாமல் ஒரு காசு கொடுத்தார் என்றும், தம் உழைப்பால் தாம் ஈட்டிய முதல் பணம் அதுவே என்று இவர் பின்னர் சொல்லி மகிழ்ந்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஆஸ்திரியப் படையின் 58ஆம் காலாட்படைப் பிரிவு இவர் பெயரைத் தாங்கியிருந்தது. ஆயினும் படைச் சீருடையில் இவரைக் கண்டவர் மிகச் சிலரே.

1896இல் இவருடைய அழைப்பின் பேரில் பிரெஞ்சு குகையியலாளர் எடுவார் அல்பிரெட் மார்ட்டெல் மயோர்க்காவின் கிழக்குக் கரையில் உள்ள திராக் குகைகளை ஆராய்ந்தார். அதுவரை அறியப்படாத பெரிய நிலத்தடி ஏரி ஒன்றைக் கண்டறிந்தார். அது இன்று மார்ட்டெல் ஏரி எனப்படுகின்றது.

நிக்சே

இவர் மயோர்க்காவில் குடியேறினார் என்றாலும் ஓரிடத்தில் அமர்ந்திருந்தவர் அல்லர். "நிக்சே" என்னும் இவருடைய நீராவிப் பாய்க்கப்பல் 1872இல் கட்டப்பட்டது. செருமன் மொழியில் இச்சொல் நீர்மகளைக் குறிக்கும். நடுநிலக் கடல் முழுவதும் இக்கப்பலில் சுற்றினார். பல நாட்டு மாலுமிகள், அவர்தம் உறவினர், நாய்கள், குரங்குகள், பறவைகள் என அது ஒரு மிதக்கும் வீடாக இருந்தது. 1893இல் அல்ஜீரியக் கடற்கரையில் பாறையில் மோதிக் கப்பல் அழிந்தது. அவ்விபத்தைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். பிறகு வேறொரு கப்பலை வாங்கி அதற்கும் அதே பெயரை இட்டார்.

கப்பலிலிருந்து பிறந்த நூல்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இவருடைய நூல்களில் பெரும்பங்கு வகிக்கின்றன. சிசிலிக்கு வடக்கே உள்ள லிபாரித் தீவுகளைப் பற்றி 1893 முதல் 1896 வரை எட்டுத் தொகுதிகள் வந்தன. தீவுக்கு ஒன்றாக ஏழும், பொதுப்பகுதி ஒன்றும். பாக்சோஸ், உஸ்திகா, ஜாந்தே, இத்தாக்கா ஆகிய தீவுகளும் தனித்தனி நூல்கள் பெற்றன. 1876இல் அமெரிக்கா சென்றவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி 1878இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நகரம் அப்போது சிற்றூரைவிடச் சற்றுப் பெரியது. திரைப்படம் பிறக்கவே இல்லை. விரும்பாமல் உலகைச் சுற்றியது என்று பொருள்படும் தலைப்பிலும் 1881இல் ஒரு பயண நூல் உண்டு. பெரும்பாலான நூல்களில் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை.

இவற்றுள் இயற்கையியல் நோக்கில் கவனிக்கத்தக்கது ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள கொலும்பிரெட்டெஸ் என்னும் சிறு எரிமலைத் தீவுகளைப் பற்றிய 1895ஆம் ஆண்டு நூல். கலங்கரை விளக்கம் கட்ட ஆள்கள் குடியேறியபோது அங்கிருந்த நச்சுப் பாம்புகளை ஒழிக்கத் தாவரங்கள் தீயிடப்பட்டன. தீவின் இயல்பே மாறிப்போயிற்று. அத்தீவுகளின் பழைய நிலையை அறிய முயல்வோருக்கு இந்நூல் முக்கியச் சான்றாக உள்ளது.

எழுத்தாளர் ஜூல் வேர்ன் மயோர்க்காவுக்குச் சென்றதில்லை. 1896இல் வெளிவந்த "குளோவிஸ் தார்தந்தோர்" புதினத்தில் தீவை அவர் விவரித்தது ஆர்ச்டியூக்கின் நூலைக் கொண்டுதான். அந்நூலையும் ஆசிரியரையும் கதையிலேயே புகழ்கிறார்.

உடன் வாழ்ந்தோர்

இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இவருடைய தனிவாழ்வைப் பற்றி அன்றும் இன்றும் வதந்திகள் மிகுதி. அவற்றை விட்டுவிட்டாலும், இருவரைப் பற்றிக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

ஒருவர் இளம் செயலாளர் விராதிசுலாவ் விபோர்னி. பொகீமியாவைச் சேர்ந்த இவர் 1877இல் மயோர்க்காவில் வெயில்தாக்கு நோயால் இறந்தார். இத்தாலியச் சிற்பி அந்தோனியோ தந்தார்தினி செதுக்கிய பளிங்கு நினைவுச் சின்னம் ஒன்றை ஆர்ச்டியூக் மீராமாரில் அமைத்தார்.

மற்றவர் கத்தலினா ஓமார். வல்தெமோசாவின் தச்சர் ஒருவரின் மகள். ஆர்ச்டியூக்கின் இல்லத்துக்கு வந்த பின் எழுதப் படிக்கக் கற்று, செஸ்தாகா நிலத்தின் நிருவாகியாக உயர்ந்தார். அந்நிலத்தின் செங்குத்தான சரிவுகளில் திராட்சை வளர்த்து எடுத்த மதுவுக்குப் பெயர் கிடைத்தது. வேலையாள்களை நடத்தியது, கணக்குப் பார்த்தது, விருந்தினரை வரவேற்றது எல்லாம் அவரே. ஓர் உழைப்பாளி வீட்டுப் பெண் நிலத்தின் பொறுப்பை ஏற்பது அன்றைய மயோர்க்காவில் அரிது. தொழுநோய்க்கு ஆளாகி 1905இல் இறந்தார். அதே ஆண்டு ஆர்ச்டியூக் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட சிறு நூலை வெளியிட்டார். புள்ளிவிவரங்களுக்கும் அளவுகளுக்கும் பின்னால் தம்மை மறைத்துக்கொண்டே எழுதியவரின் குரல் நேராகக் கேட்கும் மிகச் சில நூல்களுள் அது ஒன்று. இவரை அறிய விரும்புவோர் பெருநூலுக்கு முன் அதைப் படிப்பது நன்று.

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்து 1892இல் மயோர்க்கா வந்து இவரைக் கண்டார். அரசவையை விட்டு ஓடிக்கொண்டே இருந்த அந்தப் பேரரசிக்கும் இவருக்கும் நல்ல நட்பு இருந்தது. தம்பி யோகான் சால்வடோர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1889இல் பட்டங்களைத் துறந்து யோகான் ஓர்த் என்னும் பெயருடன் கடலோடியானார். 1890இல் தென் அமெரிக்கக் கடலில் கப்பலுடன் காணாமற்போனார்.

நாட்டார் கதைகள்

தீவில் வாய்மொழியாக வழங்கிய கதைகளையும் இவர் திரட்டினார். "ரொந்தாயெஸ் தெ மல்யோர்க்கா" என்னும் அத்தொகுப்பு 1895இல் மயோர்க்கா மக்களின் மொழியிலேயே அச்சானது. செருமன் மொழிபெயர்ப்பு 1896இல் வந்தது. பேரகராதி தொகுத்த அந்தோனி மரியா அல்கோவரின் புகழ்பெற்ற கதைத் தொகுதிகள் வெளிவரத் தொடங்கியதும் 1896இல்தான். செருமனில் எழுதிக் குவித்த ஒருவர், மக்கள் சொன்ன கதைகளை மட்டும் முதலில் அவர்கள் சொன்ன மொழியிலேயே வெளியிட்டது கவனிக்கத்தக்கது.

இறுதிக் காலம்

முதுமையில் யானைக்கால் நோய் இவரைப் பெரிதும் வருத்தியது. உடல் பருத்து நடக்க இயலாதவரானார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது மயோர்க்காவுக்குத் திரும்ப வழியில்லாமற்போயிற்று. ஏதிரியாட்டிக் கடலுக்கு அருகில் உள்ள கோரிசியாவில் சிறிது காலம் தங்கினார். 1915இல் இத்தாலி ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது. பிறந்த நாடும் பட்டம் தந்த நாடும் ஒன்றோடொன்று பொருத, அப்பகுதி போர்முனையாக மாறியது. இவர் பொகீமியாவின் பிராண்டிஸ் கோட்டைக்கே, 12 வயதில் வந்து சேர்ந்த இடத்துக்கே, திரும்ப வேண்டியதாயிற்று.

அங்கும் எழுதுவதை நிறுத்தவில்லை. இவருடைய கடைசி நூல்களுள் ஒன்று, வட இத்தாலியின் பிரியுலி மொழியில் வழங்கும் கொஞ்சல் சொற்களின் தொகுப்பு. அது 1915இல், அம்மொழி பேசும் ஊர்கள் பீரங்கிகளுக்கு இடையில் சிக்கியிருந்த ஆண்டில், வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் தம் 68ஆம் வயதில் இறந்தார். உடல் வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தினரின் கப்புச்சின் நிலவறையில் வைக்கப்பட்டுள்ளது.

நிலங்களின் பின்வரலாறு

மயோர்க்கா நிலங்களை இவர் தம் உறவினருக்கு விட்டுச்செல்லவில்லை. மயோர்க்காவைச் சேர்ந்த செயலாளர் அந்தோனி விவெசுக்கும் அவர் குடும்பத்துக்கும் உரிமையாக்கினார். பின்னர் அவை பல கைகளுக்குப் பிரிந்தன. சோன் மரோய்க் அருங்காட்சியகமாக உள்ளது. மீராமாரும் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. கத்தலினா ஓமார் நிருவகித்த செஸ்தாகாவை அமெரிக்க நடிகர் மைக்கேல் டக்ளஸ் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாங்கினார்.

இந்நிலங்கள் அமைந்துள்ள திரமுந்தானா மலைத்தொடர் 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இயற்கைக் களமாக அல்ல, பண்பாட்டு நிலத்தோற்றம் என்னும் பிரிவில். உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அடுக்கிய கல் படிவரிசைகளும் நீர்க்கால்களும் ஆலிவ் தோப்புகளும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. அவற்றின் 19ஆம் நூற்றாண்டு நிலையைக் காட்டும் படங்களில் பல ஆர்ச்டியூக்கின் பென்சிலிலிருந்து வந்தவை.